வாடகைக்கு விட வாங்கிய வீட்டில் மறைந்திருந்த பழுது: ஒன்ராறியோவில் சட்டமும் கணக்கும்

ஸ்காபரோவில் 1950களிலும் 60களிலும் கட்டப்பட்ட ஒற்றைமாடி வீடுகளை எங்கள் ஆட்கள் தேடி வாங்குவதற்குக் காரணம் உண்டு. மேலே ஒரு குடும்பம், பேஸ்மென்றில் ஒரு குடும்பம் என்று இரண்டு வாடகை வரும். வீட்டுக்கடனைக் கட்டிக்கொண்டு போகலாம். நாங்களும் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் 2016 ஒக்ரோபரில் ஒரு வீட்டை வாங்கினோம். பேஸ்மென்றில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. 2017 மார்ச்சில் பனி உருகத் தொடங்கிய வாரம், அந்தத் தங்கச்சி விடிய ஐந்து மணிக்குத் தொலைபேசி எடுத்தா. “அண்ணை, பிள்ளையளின்ர கட்டிலுக்குக் கீழ தண்ணி நிக்குது.”

புதுப் பலகைச் சுவரைக் கழற்றிப் பார்த்தபோது, அத்திவாரச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வெடிப்பு. அதன்மேல் தார் பூசி, பலகை அடித்து, வெள்ளை வர்ணமும் பூசியிருந்தார்கள். வெளியே தோண்டி, சுவருக்கு நீர்காப்புச் செய்து, அத்திவாரத்தைச் சுற்றியிருந்த இடிந்த வடிகால் குழாயை மாற்ற 31,000 டொலர் முடிந்தது. விற்றவரிடமிருந்து ஒரு சதமும் வரவில்லை. பிறருடைய கணக்குப் பார்த்துப் பிழைக்கும் நாங்களே செய்யவேண்டியதைச் செய்யவேண்டிய நேரத்தில் செய்யவில்லை. இந்தக் கட்டுரை அதனால்தான். இதில் சொல்லும் சட்டம் ஒன்ராறியோவுக்குரியது. மொன்றியலில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு, அதைக் கடைசியில் ஒரு வரியில் சொல்கிறோம்.

விற்றவர் எப்போது பொறுப்பு?

“தெரிந்தே மறைத்தான், வழக்குப் போட்டால் வெல்லலாம்” என்று கடைத்தெருவில் எல்லோரும் சொல்வார்கள். சட்டம் அவ்வளவு இலகுவாக வாங்கியவர் பக்கம் நிற்பதில்லை. கட்டி முடித்த வீட்டை வாங்குபவர் தானே பார்த்து வாங்கவேண்டும் என்பதுதான் பழைய ஆங்கிலச் சட்டத்தின் அடிப்படை. கனடிய உச்ச நீதிமன்றம் ஒன்ராறியோ வழக்கொன்றில் அதை உறுதிப்படுத்தியது. அதுவும் பேஸ்மென்றில் தண்ணீர் ஏறிய வழக்குத்தான். கட்டியவர் வடிகால் குழாயே போட்டிருக்கவில்லை. வீடு குடியிருக்கத் தகுந்தது என்ற சொல்லாத உத்தரவாதம் எதுவும் விற்பனையில் அடங்கியிருப்பதாகக் கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். ஆனாலும் வாங்கியவர்கள் வென்றார்கள். ஒப்பந்தத்தில் எழுத்திலே இருந்த ஒரு வாக்குறுதி அவர்களைக் காப்பாற்றியது.

பழுதுகளைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. சாதாரணமாகக் கவனித்துப் பார்த்தால் தெரியக்கூடியது ஒரு வகை. கூரை ஓடு சுருண்டிருப்பது, சுவரில் வெள்ளை உப்புப் பூத்திருப்பது, படி உடைந்திருப்பது எல்லாம் இதில் வரும். இவற்றுக்கு விற்றவர் வாய் திறக்கவேண்டியதில்லை. எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் தெரியாத பழுது இரண்டாம் வகை. இதிலும்கூட, அந்தப் பழுது வீட்டை ஆபத்தானதாகவோ குடியிருக்கத் தகாததாகவோ ஆக்கவேண்டும், அது விற்றவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். அப்போதுதான் சொல்லாமல் விட்டதே குற்றமாகும். இதைவிட வலுவான வழி, அவர் பழுதை வேண்டுமென்றே மூடி மறைத்தார் என்றோ, கேட்டதற்குப் பொய் அல்லது அரை உண்மை சொன்னார் என்றோ காட்டுவது.

அரை உண்மைக்கு நல்ல உதாரணம் சட்பரியிலிருந்து வந்த ஒரு வழக்கு. ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் தீர்த்தது. விற்றவர்கள் வீட்டு விபரப் படிவமொன்றை நிரப்பியிருந்தார்கள். அந்தப் படிவத்தை நிரப்பச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் நிரப்பினால் நேர்மையாக நிரப்பவேண்டும். வீடு ஒரு மூலையில் அமிழ்ந்தது, அதன்பின் பிரச்சினை இல்லை என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். வாங்கிய பெண் அதை நம்பிப் பரிசோதனையை விட்டுவிட்டா. திருத்தச் செலவு வாங்கிய விலையையே மிஞ்சியது. விற்றவர்களோடு, இரு தரப்புக்கும் முகவராக இருந்தவரும் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது.

எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு படிவமும் இருக்கவில்லை. விற்றவர் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர், கோயிலில் காண்பவர். “எங்கட ஆள்தானே” என்று எழுத்தில் எதுவும் கேட்கவில்லை. வழமையான விற்பனை ஒப்பந்தத்தில், எழுத்தில் உள்ளதைத் தவிர வேறு எந்த வாக்குறுதியும் இல்லை என்று ஒரு பந்தி இருக்கும். வாய்ச்சொல் எல்லாம் அந்தப் பந்திக்குள் புதைந்துவிடும்.

பரிசோதகரைக் கொண்டு பார்த்தோம்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அல்பேர்ட்டாவிலும் வீட்டுப் பரிசோதகருக்கு அரச உரிமம் வேண்டும், ஒன்ராறியோவில் வேண்டாம். அவர் சுவரை உடைத்துப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுதுவார். அவருடைய ஒப்பந்தத்தில் தன் பொறுப்பு வாங்கிய கட்டணத்தோடு முடிகிறது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும்.

சாட்சி வீட்டுக்குள்ளேயே இருந்தது

விற்றவருக்குத் தெரிந்திருந்தது என்று எப்படி நிரூபிப்பது? வாடகைக்கு ஆள் இருக்கும் வீட்டில் இதற்கு விடை சுலபம். ஆனால் யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

தண்ணீர் வந்த அன்று அந்தத் தங்கச்சி தன் கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினா. முதல் வருடம் ஏப்ரலிலும் தண்ணீர் வந்திருக்கிறது. படம் எடுத்து முந்திய உரிமையாளருக்கு அனுப்பியிருக்கிறா. “சமருக்குச் செய்து தாறன்” என்று அவர் பதில் போட்டிருக்கிறார். ஏன் எங்களுக்கு முதலே சொல்லவில்லை என்று கேட்டோம். “நீங்கள் கேக்கேல்லை அண்ணை. சொன்னா வீடு விக்காது, பிறகு எங்களை எழுப்பிப்போடுவார் எண்டு பயம்.”

உண்மைதான், நாங்கள் கேட்கவில்லை. வீடு பார்க்கப் போன அன்று அவ கட்டிலில் பிள்ளைகளோடு ஒதுங்கி இருந்தா. வாடகை எவ்வளவு, எத்தனையாம் திகதி கட்டுகிறீர்கள் என்று மட்டும் கேட்டோம். கட்டில் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் நான்கு வருடம் ஈரச் சுவர் பேஸ்மென்றில் இருந்தவர்கள். கட்டிலை ஏன் அப்படித் தள்ளிப் போடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? வாங்க வந்தவர்களின் கண்ணோடு பார்த்ததில் அது பிடிபடவில்லை.

அந்தக் குறுஞ்செய்திகளை அன்றைக்கே பிரதி எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அடுத்த வருடம் அவ கைத்தொலைபேசியை மாற்றினபோது எல்லாம் போய்விட்டது. கழற்றிய பலகைகளையும் வேலையாட்கள் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார்கள். இந்தப் பலகைகள் பலவற்றின் பின்புறத்தில் உற்பத்தித் திகதி அச்சிட்டிருக்கும். வீடு விற்பனைக்கு வருவதற்குச் சற்று முன்னர் செய்த பலகை என்று காட்ட முடிந்தால் அதற்குமேல் அதிகம் பேசத் தேவையில்லை. இதை எங்களுக்கு ஒரு தச்சர் சொன்னது இரண்டு வருடம் கழித்து.

ஆகவே பழுது தெரிந்தவுடன் வேலையாளிடம் சுத்தியலைக் கொடுக்கமுன் படம் எடுங்கள். கழற்றியதில் ஒரு துண்டை வைத்திருங்கள். தண்ணீரை நிறுத்தவும் ஆட்களைப் பாதுகாக்கவும் வேண்டிய அவசர வேலையை உடனே செய்யுங்கள். சேதம் பெருகாமல் பார்ப்பது உங்கள் கடமை என்று நீதிமன்றமும் எதிர்பார்க்கும். பெரிய திருத்தத்துக்கு முன், அந்த வேலையைச் செய்யப்போகிறவர் அல்லாத ஒரு பொறியியலாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். சட்டத்தரணி மூலம் விற்றவருக்கு எழுதி, வந்து பார்க்க அவருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள். பார்க்காமல் திருத்திவிட்டார்கள் என்று அவர் பிறகு சொல்ல இடம் இருக்காது.

இரண்டு வருடம்

ஒன்ராறியோவில் 2004 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள காலவரையறைச் சட்டப்படி, பழுதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தொடரவேண்டும். நியாயமான ஓர் ஆள் கண்டுபிடித்திருக்கக் கூடிய நாள் அதற்கு முந்தியதென்றால் அந்த நாளிலிருந்தே எண்ணப்படும். “பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்” என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருப்பது மணிக்கூட்டை நிறுத்தாது. இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டு காலத்தை நீட்டலாம். அதைச் சட்டத்தரணி ஒருவர் எழுதவேண்டும்.

எங்களுக்கு நடந்தது இதுதான். விற்றவரோடு இரண்டு முறை தொலைபேசியில் பேசினோம். “ஐயோ, எனக்குத் தெரியாது” என்றார். பிறகு, கோவில் திருவிழா முடியட்டும், பேசலாம் என்றார். பொதுவான நண்பர் ஒருவர் நடுவில் நின்றார். வெளிநாட்டில் ஓர் ஊரவனை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள் என்ற பெயர் எங்களுக்கும் வேண்டாமாக இருந்தது. 2019 ஏப்ரல் கடைசியில் சட்டத்தரணியிடம் போனபோது அவர் முதலில் கேட்டது தண்ணீர் வந்த திகதி. விரலை மடித்து எண்ணிவிட்டுக் கோப்பை மூடினார். ஆறு கிழமை பிந்திவிட்டோம்.

வழக்கென்றால் செலவுக்குப் பயப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்தின் உச்ச வரம்பு முன்பு 25,000 டொலர். 2020இல் 35,000 ஆகி, 2025 ஒக்ரோபர் 1 முதல் 50,000 ஆகியிருக்கிறது. பேஸ்மென்ற் கசிவு, வயர் மாற்றம், கழிவுநீர்க் குழாய் போன்றவற்றில் பல இந்த வரம்புக்குள் அடங்கும். அங்கே நடைமுறையும் எளிது, செலவும் குறைவு.

கீழே இருப்பவர்களின் உரிமை

விற்றவரோடு உள்ள சண்டை வாடகைக்கு இருப்பவரின் சண்டை அல்ல. வீட்டை வாங்கிய நாள் முதல் நீங்கள்தான் வீட்டுக்காரர். வீட்டை நல்ல நிலையில், குடியிருக்கத் தகுந்ததாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு என்று 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் சொல்கிறது. பழுது இருப்பது தெரிந்துகொண்டுதான் அவர் குடிவந்தார் என்றாலும் பொறுப்பு மாறாது. “பேஸ்மென்றுக்கு நகரசபை அனுமதி இல்லை, ஆகவே அவைக்கு ஒரு உரிமையும் இல்லை” என்று எங்கள் ஆட்கள் சிலர் சொல்வது தவறு. அனுமதி இல்லாத வீட்டில் இருப்பவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். திருத்தாவிட்டால் அவர் ஒரு வருடத்துக்குள் வீட்டுக்காரர் வாடகையாளர் சபையில் முறையிட்டு வாடகைக் குறைப்புக் கேட்கலாம்.

திருத்தும் வேலைக்கு வீடு காலியாகவேண்டுமென்றால் 120 நாள் முன்னறிவித்தல் வேண்டும். திரும்பி வர விரும்புகிறேன் என்று அவர் போகமுன் எழுத்தில் கொடுத்தால், திரும்பவும் அதே வீட்டைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. வேலையைச் சாட்டி ஆளை எழுப்பி, கூடின வாடகைக்கு வேறு ஆளை வைப்பது குற்றம். செலவை நினைத்தபடி வாடகையில் ஏற்றிப்போடலாம் என்பதும் நடக்காது. வழிகாட்டி உயர்வு எந்த வருடத்திலும் 2.5 வீதத்தைத் தாண்டாது. நாங்கள் மூன்று மாதம் பாதி வாடகை எடுத்தோம். பிள்ளைகளின் மெத்தைக்கும் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கும் காசு கொடுத்தோம். அவ முறையிட்டிருந்தால் இதைவிடக் கூடத்தான் கட்டவேண்டி வந்திருக்கும்.

வரிக் கணக்கில் என்ன நடக்கும்

இந்த இடத்தில்தான் மிகப் பெரிய தப்பபிப்பிராயம் இருக்கிறது. “முழுக்க வாடகை வருமானத்தில் கழிச்சுப்போடலாம்தானே” என்று பற்றுச்சீட்டோடு வருகிறார்கள். பெரும்பாலும் முடியாது.

வரித் திணைக்களம் செலவை நடப்புச் செலவு, மூலதனச் செலவு என்று பிரிக்கிறது. இருந்ததை இருந்த நிலைக்குக் கொண்டுவருவது நடப்புச் செலவு, அதே வருடத்தில் கழிக்கலாம். நீண்டகாலப் பயன் தருவது, முன்னிருந்ததைவிட மேலான ஒன்றைச் செய்வது மூலதனம். இதற்கு மேலாக இன்னொரு விதியும் உண்டு. பாவித்த வீடொன்றை வாங்கி, அதை வாடகைக்குத் தகுந்த நிலைக்குக் கொண்டுவரச் செய்யும் திருத்தம், மற்ற நேரத்தில் நடப்புச் செலவாக இருக்கக்கூடியதாயினும், மூலதனம் என்றே திணைக்களம் கொள்ளும். வாங்கிச் சில மாதத்தில் வெளிப்படும் மறைந்த பழுது அனேகமாக இந்த வலைக்குள் விழும்.

எல்லை எங்கே என்பதில் நீதிமன்றங்களே இரண்டு பக்கமும் போயிருக்கின்றன. 1979இல் ஷாப்ரோ என்ற நிறுவனத்தின் வழக்கில், கட்டடத்துக்குக் கீழிருந்த நிலம் அமிழ்ந்து தரை உடைந்தது. அதற்குப் பதிலாக உருக்குத் தூண்கள் தாங்கும் புதுத் தரை போட்டார்கள். பழையதைவிட வேறான, மேலான ஒன்று என்பதால் அது மூலதனம் என்று தீர்ப்பாயிற்று. 1987இல் கோல்ட் பார் என்ற நிறுவனத்தின் வழக்கில், வாடகை அடுக்குமாடியின் வெளிச் செங்கற்கள் கழன்று விழும் ஆபத்து எதிர்பாராமல் தெரியவந்தது. செங்கல்லுக்குப் பதில் உலோகத் தகடு அடித்தார்கள். பொருள் மாறினாலும், கட்டடத்தை மேம்படுத்தும் எண்ணத்தில் செய்ததல்ல, வேறுவழியின்றிச் செய்த திருத்தம் என்று நீதிமன்றம் கழிக்க அனுமதித்தது. நீண்டகாலம் வாடகைக்கு விட்ட வீட்டில் திடீரென்று பழுது வெளிப்பட்டால் இந்த இரண்டாவது தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடலாம். வாங்கி ஐந்தாம் மாதத்தில் தண்ணீர் வந்த எங்களுக்கு அந்தத் துணிவு வரவில்லை. மூலதனமாகவே போட்டோம்.

மூலதனமென்றால் கட்டடத்தின் தேய்மானத்தோடு சேரும். அது வருடத்துக்கு 4 வீதம். 2017ஆம் ஆண்டு விதிப்படி முதல் வருடம் அதில் பாதி. எங்கள் 31,000 டொலருக்கு முதல் வருடம் கழித்தது 620 டொலர். இரண்டாம் வருடம் மீதி 30,380இல் 4 வீதம், 1,215 டொலர். தேய்மானத்தைக் கொண்டு வாடகை நட்டத்தை உருவாக்கவோ கூட்டவோ முடியாது. வீட்டை நல்ல விலைக்கு விற்கும்போது, கழித்த தேய்மானம் முழுவதும் வருமானமாகத் திரும்பி வரும். அதனால் சிலர் தேய்மானத்தைத் தொடாமலே விடுவார்கள். அப்படி விட்டாலும் செலவு வீண்போகாது, விற்கும்போது மூலதன இலாபத்தைக் குறைக்கும்.

பற்றுச்சீட்டைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். தோண்டி நீர்காப்புச் செய்தது ஒன்று. தண்ணீர் இறைத்தது, சுத்தம் செய்தது, பூஞ்சணம் துடைத்தது, அடைப்பு எடுத்தது வேறொன்று. இரண்டாவதை நடப்புச் செலவாகக் காட்ட நியாயம் உண்டு. ஒரே தொகையாக “பேஸ்மென்ற் வேலை” என்று எழுதினால் எல்லாமே மூலதனத்துக்குள் போய்விடும். திருத்தக் கடன் எடுத்தால் அதன் வட்டியைக் கழிக்கலாம். ஆனால் அந்தக் கடன் கணக்கைச் சொந்தச் செலவோடு கலக்காதீர்கள். மகளின் கலியாணமும் வாடகை வீட்டுக் கசிவும் ஒரே கடன் கணக்கில் கிடந்தால் எந்த வட்டி எதற்குரியது என்று பிரித்து எடுப்பது பெரும்பாடு.

13 வீத எச்.எஸ்.ரி.யைத் திருப்பி எடுக்க முடியாது, குடியிருப்பு வாடகை அந்த வரிக்கு விலக்கு. அதனால்தான் “காசாத் தாங்கோ, வரி வேண்டாம்” என்ற பேச்சு எடுபடுகிறது. பற்றுச்சீட்டு இல்லாத 20,000 டொலரை வரிக் கணக்கில் காட்ட முடியாது, நீதிமன்றத்தில் நட்டமென்று நிரூபிக்கக் கஷ்டம், அடுத்த மழைக்குத் திரும்பவும் கசிந்தால் கேட்க ஆளில்லை. விற்றவரிடமிருந்து இழப்பீடு கிடைத்தால் அது பொதுவாக வீட்டின் கொள்விலையைக் குறைக்கும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

காப்புறுதியும் மற்றவையும்

சாதாரண வீட்டுக் காப்புறுதி தேய்வையும், மெல்லக் கசிவதையும், மறைந்த பழுதையும் ஏற்பதில்லை. கழிவுநீர் திரும்பி ஏறுவதற்குத் தனியாகச் சேர்க்கவேண்டும். வீடு வாடகைக்கு விடப்படுகிறது என்று சொல்லாமல் எடுத்த காப்புறுதி, தேவைப்படும் நாளில் கைவிடக்கூடும்.

பலர் மறந்துபோவது ரைட்டில் இன்சூரன்ஸ் எனப்படும் உரித்துக் காப்புறுதி. வீடு வாங்கும்போது சட்டத்தரணி எடுத்துத் தந்திருப்பார், கோப்பில் கிடக்கும். அது சுவர் வெடிப்புக்கு உதவாது. ஆனால் முந்திய உரிமையாளர் அனுமதி இல்லாமல் கட்டியதை இடிக்கச் சொல்லி நகரசபை உத்தரவிட்டால் அந்த நட்டத்துக்குப் பல ஒப்பந்தங்கள் இடம் தருகின்றன. கோரிக்கையை அனுப்பமுன் நீங்களாக இடித்துவிடாதீர்கள்.

வீட்டின் வயது எங்கே தேடவேண்டும் என்று சொல்லும். 1960களின் நடுவிலிருந்து 70களின் கடைசிவரை கட்டியவற்றில் அலுமினிய வயர் இருக்கலாம். 1990களின் நடுவிலிருந்து 2007வரை கட்டியவற்றில் கைரெக் எனப்படும் பிளாஸ்ரிக் குழாய் இருக்கலாம். பழைய வீடுகளில் களிமண் கழிவுக்குழாய்க்குள் மரவேர் புகுந்திருக்கும். குழாய்க்குள் கமெரா விட்டுப் பார்க்கும் செலவு, அதைத் தோண்டி மாற்றும் செலவில் மிகச் சிறு பங்கு.

மொன்றியல் வாசகர்களுக்கு: கியூபெக் சிவில் சட்டக்கோவையின் 1726ஆம் பிரிவின்படி, மறைந்த பழுது இல்லை என்ற உத்தரவாதம் விற்பனையிலேயே அடங்கியிருக்கிறது. விற்றவருக்குத் தெரிந்திருந்தது என்று நீங்கள் நிரூபிக்கவேண்டியதில்லை. ஆனால் கண்டவுடன் நியாயமான காலத்துக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். “சட்ட உத்தரவாதம் இன்றி” என்று எழுதி விற்ற வீடுகளும் உண்டு, உறுதியில் அந்தச் சொற்கள் இருக்கிறதா என்று பாருங்கள்.

திருத்தப் பற்றுச்சீட்டு, பொறியியலாளர் அறிக்கை, படங்கள், குறுஞ்செய்திப் பிரதிகள் எல்லாவற்றையும் வீட்டை விற்று, அந்த வரி வருடம் முடிந்து ஆறு வருடம்வரை வைத்திருக்கவேண்டும். எங்களுடையது ஒரு பச்சைக் கோப்பில் இருக்கிறது. அதில் குறுஞ்செய்திகளுக்கென்று ஒதுக்கிய பிளாஸ்ரிக் உறை மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது.